ஆபரேஷனுக்குப் பின் ஓபியாய்டு வலி மருந்தால் வரும் குமட்டல், வாந்தி: வருமுன் தடுக்க முழுமையான வழிகாட்டி

"வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்தக் குமட்டலைத்தான் தாங்க முடியவில்லை." ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்கள் பலரும் சொல்வது இது. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், கோடீன், ஆக்சிகோடோன் போன்ற ஓபியாய்டு மருந்துகள் வலியை நன்றாக அடக்கும். கூடவே வயிற்றையும் புரட்டும். வாந்திக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினால் வலி ஏறுகிறது. வலி ஏறினால் இருமவும், ஆழமாக மூச்சிழுக்கவும், எழுந்து நடக்கவும் மனம் வருவதில்லை. நெஞ்சில் சளி கட்டுவதும் காலில் இரத்தம் உறைவதும் பல சமயம் இப்படித்தான் தொடங்குகின்றன. வாந்தியே தொடர்ந்தாலும் நல்லதல்ல: வயிற்றுத் தையல் இழுபடும், கண்ணிலோ கழுத்திலோ ஆபரேஷன் நடந்திருந்தால் அழுத்தம் ஏறி இரத்தம் கசியலாம், உடலில் நீர் வற்றும்.

வலி, வாந்தி இரண்டில் ஒன்றைச் சகித்துக்கொண்டே தீர வேண்டும் என்ற நிலை பெரும்பாலானவர்களுக்கு இல்லை. ஆனால் அதற்கான வேலையை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்க வேண்டும். குமட்டல் முற்றிய பிறகு அடக்குவது கடினம். வராமல் தடுப்பது அதைவிட எளிது.

கீழே வரும் அளவுகள் பெரியவர்களுக்கு வழக்கமாகத் தரப்படுபவை. குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து எல்லாமே மாறும். உங்கள் மருத்துவர் எழுதித் தந்தது இதிலிருந்து வேறுபட்டால் அவர் எழுதியதே சரி. ஊசி மருந்துகளைப் பற்றிச் சொல்லியிருப்பது, மருத்துவரிடம் பேசும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பதற்காக மட்டுமே.

ஓபியாய்டு ஏன் குமட்டலைத் தருகிறது

மூன்று வழிகளில் தருகிறது. எந்த வழியில் வருகிறது என்று தெரிந்தால்தான் எந்த மருந்து கேட்கும் என்று சொல்ல முடியும்.

முதல் வழி மூளைத்தண்டில் இருக்கிறது. இரத்தத்தில் நஞ்சு ஏதும் கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு சிறு பகுதி அங்கே உண்டு. மூளையின் மற்ற இடங்களைக் காக்கும் தடுப்பு இந்த இடத்தில் பலவீனம் என்பதால், இரத்தத்தில் உள்ள ஓபியாய்டு நேராக அதைத் தொடுகிறது. உடனே வாந்தி மையத்துக்குச் செய்தி போகிறது. மருந்து உச்சத்தை எட்டும் நேரத்தில், அதாவது மாத்திரை போட்டு அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் வரும் குமட்டல் பெரும்பாலும் இந்த வகை. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின், செரட்டோனின் என்ற வேதிப்பொருள்களைத் தடுக்கும் மருந்துகள் இதற்குக் கேட்கும்.

இரண்டாவது, உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு. ஓபியாய்டு அதைக் கூர்மையாக்கிவிடுகிறது. அசையாமல் படுத்திருக்கும்வரை ஒன்றும் இருக்காது. எழுந்து உட்கார்ந்ததும், தள்ளுவண்டியில் போகும்போதும், காரில் வீட்டுக்குத் திரும்பும்போதும் தலை சுற்றிக் குமட்டும். பேருந்துப் பயணத்தில் வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அதிகம். தோலில் ஒட்டும் ஸ்கோபோலமைன் மருந்துப் பட்டையும், சைக்ளிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற பயண வாந்தி மருந்துகளும் இங்கேதான் வேலை செய்யும். இந்த வகைக் குமட்டலுக்கு, செரட்டோனினைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் மட்டும் கொடுத்துவிட்டு "கேட்கவில்லையே" என்று சலித்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. அது மருந்தின் குறை இல்லை, வழி மாறிப்போனதுதான்.

மூன்றாவது, குடல். ஓபியாய்டு இரைப்பையையும் குடலையும் மந்தமாக்குகிறது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்ததுபோல் இருப்பது, ஏப்பம், உப்புசம், சாப்பிட்டு நெடுநேரம் கழித்து வரும் வாந்தி, இரண்டு மூன்று நாள் மலம் போகாமல் இருப்பது எல்லாம் இதன் அடையாளங்கள்.

படி 1: உங்களுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுங்கள்

1999இல் மயக்க மருந்து மருத்துவர் கிறிஸ்டியன் ஆப்ஃபெல் குழுவினர் வெளியிட்ட நான்கு கேள்விக் கணக்கு இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. பெண்ணா? புகைபிடிக்காதவரா? முன்பு ஆபரேஷனுக்குப் பின் வாந்தி எடுத்ததோ பயணத்தில் வாந்தி எடுப்பதோ உண்டா? ஆபரேஷனுக்குப் பின் ஓபியாய்டு தேவைப்படுமா? ஒவ்வொரு "ஆம்" என்பதற்கும் ஒரு புள்ளி. எதுவும் இல்லையென்றால் முதல் நாளில் குமட்டலோ வாந்தியோ வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். பிறகு ஒன்றுக்கு 20, இரண்டுக்கு 40, மூன்றுக்கு 60, நான்குக்கு 80. புகைபிடிக்காத ஒரு பெண் மார்ஃபின் வாங்கப்போகிறார் என்றாலே மூன்று புள்ளி ஆகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். (புகைப்பவர்களுக்கு வாந்தி குறைவு என்பது உண்மைதான். அதற்காகப் புகைக்கத் தொடங்குவதும் விட்ட பழக்கத்தைத் திரும்பத் தொடுவதும் பெரும் தீங்கு.)

இந்த நான்கில் நாம் மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று, ஓபியாய்டின் அளவு. இந்த வழிகாட்டியில் பாதி அதைப் பற்றித்தான்.

அன்றே வீடு திரும்புபவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு: பெண், 50 வயதுக்குக் கீழ், முன்பு ஆபரேஷனுக்குப் பின் வாந்தி எடுத்தவர், மயக்கம் தெளியும் அறையில் ஓபியாய்டு வாங்கியவர், அந்த அறையிலேயே குமட்டியவர். இதில் மூன்று பொருந்தினால் வீட்டுக்குப் போன பிறகு குமட்டும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்படியென்றால் கையில் வாந்தி மாத்திரை இல்லாமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பக் கூடாது.

பித்தப்பை நீக்கம், சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி, கருப்பை ஆபரேஷன், எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியவற்றில் வாய்ப்பு மேலும் கூடும். குழந்தைகளில் மாறுகண் ஆபரேஷன் இதற்குப் பெயர்போனது.

படி 2: மயக்க மருந்து மருத்துவரிடம் பேசுங்கள்

ஆபரேஷனுக்கு முன் அவர் உங்களைப் பார்க்க வரும் சில நிமிடங்கள்தான் இந்த விஷயத்தில் மிக மதிப்புள்ளவை. "போன தடவை ரொம்ப வாந்தி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்த மருந்துக்குப் பிறகு, எத்தனை மணி நேரம், படுத்திருந்தபோதா எழுந்தபோதா, எதைக் கொடுத்ததும் நின்றது என்று சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சுருக்கம் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

பிறகு இவற்றைக் கேளுங்கள்.

*முழு மயக்கம் இல்லாமல் செய்ய முடியுமா?* கை, கால், இடுப்புக்குக் கீழான ஆபரேஷன்கள் பலவற்றை நரம்பு மரப்பு ஊசியிலோ முதுகு ஊசியிலோ செய்யலாம். முழு மயக்கம் தேவைப்பட்டாலும், காயத்தைச் சுற்றி மரப்பு மருந்து போடுவதும் நரம்பைத் தற்காலிகமாக மரக்கச் செய்வதும் முதல் நாள் ஓபியாய்டைக் கணிசமாகக் குறைக்கும்.

*வாயுவுக்குப் பதில் புரோப்போஃபால் மூலமே மயக்கம் தர முடியுமா?* மூச்சு வழியே தரும் மயக்க வாயுக்கள் முதல் சில மணி நேர வாந்திக்கு முக்கியக் காரணம். சிரை வழியே புரோப்போஃபால் மட்டும் கொடுத்தால் அது குறைகிறது. நைட்ரஸ் ஆக்சைடைத் தவிர்ப்பதும் உதவும். நீண்ட ஆபரேஷன்களில் அதன் பலன் தெளிவாகத் தெரியும்.

*எத்தனை வகை வாந்தித் தடுப்பு மருந்து தருவீர்கள்?* கேள்வியில் "எத்தனை வகை" என்பதுதான் முக்கியம். 2004இல் வெளியான, 5,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வில் ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், டிராபெரிடால் மூன்றும் தனித்தனியே வாய்ப்பை ஏறத்தாழ 26 சதவீதம் குறைத்தன. சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் மீதி இருப்பதிலிருந்து அதே விகிதத்தைக் கழித்தது. 60 சதவீத வாய்ப்புள்ளவருக்கு ஒரு மருந்து தந்தால் 44, இரண்டு தந்தால் 33, மூன்று தந்தால் 24. ஒரே மருந்தை இரு மடங்கு கொடுப்பதில் இந்தப் பலன் கிடைக்காது. ஒன்றிரண்டு அபாயக் காரணம் இருந்தாலே இரண்டு வகை, அதற்கு மேல் இருந்தால் மூன்று நான்கு வகை என்று 2020இல் வந்த சர்வதேச ஒருமித்த வழிகாட்டுதல் சொல்கிறது.

வழக்கமாகப் பயன்படுபவை இவை:

- டெக்ஸாமெத்தசோன் 4 முதல் 8 மி.கி., மயக்கம் தொடங்கும்போது. மெதுவாக வேலை செய்வதால் கடைசியில் கொடுத்துப் பயன் குறைவு. விழித்திருப்பவருக்கு வேகமாக ஏற்றினால் பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதியில் சுரீரென்று எரியும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு நாள் சர்க்கரை ஏறும் என்பதை எதிர்பார்த்து அளவு பார்க்க வேண்டும்.
- ஒண்டான்செட்ரான் 4 மி.கி., ஆபரேஷன் முடியும் நேரத்தில். தலைவலியும் மலச்சிக்கலும் தரலாம். ஈ.சி.ஜி.யில் க்யூடி இடைவெளி (இதயத்தின் மின் துடிப்பைக் காட்டும் ஓர் அளவு) நீண்டவர்களுக்கு யோசித்தே தருவார்கள்.
- டிராபெரிடால் 0.625 மி.கி. அல்லது ஹாலோபெரிடால் 0.5 முதல் 1 மி.கி. சிறு அளவே போதும். பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு வேண்டாம்.
- அப்ரெபிட்டன்ட் 40 மி.கி. மாத்திரை, மயக்கத்துக்கு முந்தைய 3 மணி நேரத்துக்குள். வாந்தியையே நிறுத்துவதில் வலுவானது, ஒரு நாளுக்கு மேல் தாங்கும். ஆனால் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். அதன்பின் 28 நாட்களுக்கு வேறு முறையும் சேர்க்க வேண்டும். தசைத் தளர்வை மீட்கத் தரும் சுகமடெக்ஸுக்கும் இதேபோல் 7 நாள் எச்சரிக்கை உண்டு. இதைப் பல பெண்களுக்கு யாரும் சொல்வதே இல்லை, நீங்களாகக் கேளுங்கள்.
- ஸ்கோபோலமைன் பட்டை. இதைப் பற்றி அடுத்த படியில்.

மெட்டோக்ளோபிரமைடு 10 மி.கி. பல இடங்களில் பழக்கத்தால் கொடுக்கப்படுகிறது. தடுப்பு மருந்தாக அந்த அளவு பலவீனமானது. அதை மட்டும் நம்பித் திட்டம் போடுவது சரியல்ல.

இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் செமாக்ளூடைடு போன்ற எடை அல்லது சர்க்கரை ஊசி போடுகிறீர்கள் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரை, தூக்க மாத்திரை, உறக்க மூச்சுத்திணறல், கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா), புரோஸ்டேட் தொல்லை எதையும் மறைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் மருந்துத் தேர்வை மாற்றும்.

படி 3: முந்தைய இரவும் அன்று காலையும்

தேவைக்கு மேல் பட்டினி கிடப்பது குமட்டலைக் குறைப்பதில்லை. பொதுவான விதி: கொழுப்பு மிகுந்த உணவை 8 மணி நேரத்துக்கு முன்பும், இலகுவான உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும், தண்ணீர், பால் சேர்க்காத தேநீர், சக்கையில்லாத பழச்சாறு போன்ற தெளிந்த பானங்களை 2 மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கலாம். உங்களுக்கு வேறு நேரம் சொல்லியிருந்தால் அதையே கடைப்பிடியுங்கள். நீர்ச்சத்துக் குறைந்த உடலில் எழுந்தவுடன் இரத்த அழுத்தம் சரியும், அதனாலேயே குமட்டும்.

ஸ்கோபோலமைன் பட்டை எழுதித் தந்திருந்தால் முந்தைய இரவே ஒட்டுங்கள். வேலை செய்யத் தொடங்க 2 முதல் 4 மணி நேரம் ஆகும். காதுக்குப் பின்னால் முடியில்லாத இடத்தைத் துடைத்து உலரவிட்டு, ஒரே ஒரு பட்டையை ஒட்டி, ஓரங்கள் படியும்வரை அழுத்துங்கள். பட்டையைப் பாதியாக வெட்டக் கூடாது. ஒட்டியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கழுவாத விரலால் கண்ணைத் தொட்டால் அந்தக் கண்ணின் பாவை விரிந்து பார்வை மங்கும், மயக்கம் தெளிந்த நிலையில் அது மூளைக் கோளாறோ என்று வீண் பயத்தைக் கிளப்பும். ஒரு பட்டை 72 மணி நேரம் போதும். வாய் உலர்வது சாதாரணம். முதியவர்களுக்குக் குழப்பமும் சிறுநீர் அடைப்பும் வரலாம், குறுகிய கோண கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. எம்.ஆர்.ஐ. எடுக்கப்போனால் கழற்றிவிடுங்கள், உலோகப் படலம் சூடாகித் தோலைச் சுடும்.

படி 4: ஓபியாய்டைக் கடைசி மாத்திரையாக வையுங்கள்

குமட்டல் ஓபியாய்டின் அளவைப் பின்தொடர்வது. பத்து மி.கி. தேவைப்பட்ட இடத்தில் ஐந்து போதுமென்றால் வயிறும் அதற்கேற்ப அடங்கும். அதற்கு, ஓபியாய்டு அல்லாத மருந்துகளை வலி வந்த பிறகு போடாமல் கடிகாரம் பார்த்துப் போட வேண்டும்.

50 கிலோவுக்கு மேல் எடையும் நலமான கல்லீரல், சிறுநீரகமும் உள்ள ஒருவருக்கு முதல் மூன்று நாள் அட்டவணை இப்படி இருக்கலாம். காலை 6, நண்பகல் 12, மாலை 6, நள்ளிரவு 12 என்று பாராசிட்டமால் 1 கிராம். காலை, மதியம், இரவு உணவுக்குப் பின் இபுபுரோஃபென் 400 மி.கி. இவ்விரண்டும் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போட வேண்டும். இவற்றையும் மீறி, இருமவோ எழவோ முடியாத அளவு வலி இருந்தால் மட்டும் ஓபியாய்டு.

இங்கே இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. ஒன்று, பல ஓபியாய்டு மாத்திரைகளில் பாராசிட்டமாலும் கலந்தே வருகிறது. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் இரண்டையும் போட்டால் 24 மணி நேரத்தில் 4 கிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டிக் கல்லீரல் கெடும். எடை குறைந்தவர்கள், கல்லீரல் நோயாளிகள், தினமும் மது அருந்துபவர்களுக்கு வரம்பு இதைவிடக் குறைவு. இரண்டாவது, இபுபுரோஃபென் எல்லோருக்கும் ஆகாது. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, இதய நோய், கர்ப்பம் இருந்தால் அறுவை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

காயத்தில் ஐஸ் ஒத்தடம், கட்டிய காலை உயர்த்தி வைப்பது, இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வது இவையும் ஓபியாய்டைக் குறைக்கும் வழிகளே. பொத்தானை அழுத்தித் தானே மருந்து ஏற்றிக்கொள்ளும் பம்ப் வைத்திருந்தால், சிரையில் ஏறும் மார்ஃபின் உச்சத்தை எட்ட 20 நிமிடம் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். அதற்குள் அடுத்தடுத்து அழுத்தினால் பலன் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து குமட்டும். ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் குமட்டினால் ஒரு தடவை ஏறும் அளவைக் குறைக்கச் சொல்லலாம். நோயாளி தவிர வேறு யாரும் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது. தூங்குகிறவருக்கு அன்பின் பெயரால் அழுத்துவது மூச்சையே நிறுத்திவிடக்கூடும்.

படி 5: ஓபியாய்டு மாத்திரை போடும் முறை

வெறும் வயிற்றில் போடாதீர்கள். நிறையச் சாப்பிட்டுவிட்டும் போடாதீர்கள். இரண்டு மூன்று பிஸ்கட் அல்லது அதேபோல் எண்ணெய் இல்லாத எளிய மாவுப் பொருள் சிறிதளவு, பத்து நிமிடம் கழித்து அரைக் குவளை தண்ணீருடன் மாத்திரை. முந்தைய மாத்திரைகளுக்குக் குமட்டியிருந்தால் எழுதித் தந்த வாந்தி மாத்திரையை அரை மணி முன்பே போட்டுவிடுங்கள்.

நாக்கில் கரையும் ஒண்டான்செட்ரானை எடுக்கும்போது கை உலர்ந்திருக்க வேண்டும். படலத்தை உரித்துத்தான் எடுக்க வேண்டும், அழுத்திப் பிதுக்கினால் நொறுங்கிவிடும். நாக்கின் மேல் வைத்ததும் சில விநாடிகளில் கரையும், பிறகு உமிழ்நீரோடு விழுங்குங்கள். அது வாயிலேயே இரத்தத்தில் சேர்ந்துவிடாது. குடலுக்குப் போய்த்தான் சேரும். ஆகவே வாயில் வைத்த உடனே பலனை எதிர்பார்க்காதீர்கள்.

மாத்திரை போட்டபின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்திச் சாய்ந்து, முக்கால் மணி நேரம் தலையை அதிகம் அசைக்காமல் இருங்கள். கைபேசித் திரையை உருட்டிக்கொண்டே இருப்பதும் கண்ணையும் காதின் சமநிலையையும் மோதவிட்டுக் குமட்டலைக் கிளப்பும். எழும்போது முதலில் பக்கவாட்டில் திரும்பி, கால்களைத் தொங்கவிட்டு இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து, தூரத்தில் அசையாத ஒரு பொருளைப் பார்த்தபடி, பிறகு எழுங்கள். வீடு திரும்பும் பயணத்தை மாத்திரை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் நல்லது.

நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் வெளியாகி உயிருக்கே ஆபத்தாகும். சாதாரண மாத்திரையில் வலி நன்றாக அடங்கிக் குமட்டல் மட்டும் மீதி இருந்தால், பாதி மாத்திரை போதுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பலருக்குப் போதும்.

படி 6: இவ்வளவுக்குப் பிறகும் குமட்டினால்

முதலில் காரணத்தைப் பிரியுங்கள். மாத்திரை போட்ட நேரம், வலி பத்துக்கு எத்தனை, குமட்டல் பத்துக்கு எத்தனை, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவந்தால் ஒரே நாளில் விஷயம் தெளிந்துவிடும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்து வந்தால் மூளைத்தண்டு வழி. எழுந்தபோது வந்தால் காது வழி. சாப்பிட்டபின் உப்பினால் குடல் வழி. அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் வந்தால் வலியாலோ வெறும் வயிற்றாலோ இருக்கலாம். மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாட்டிக், இரும்புச்சத்து மாத்திரை, ஏறிய சர்க்கரை, இறங்கிய இரத்த அழுத்தம் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். எல்லாப் பழியையும் ஓபியாய்டின் மேல் போட்டுவிட வேண்டாம்.

மருத்துவமனையில் இருக்கும்போது கேட்க வேண்டிய ஒரே விதி: தடுப்பாகக் கொடுத்த மருந்தை 6 மணி நேரத்துக்குள் மறுபடி கொடுப்பதில் பலன் இல்லை, வேறு வகை வேண்டும். ஒண்டான்செட்ரான் போட்டும் குமட்டினால் புரோக்ளோர்பெரசின், ஹாலோபெரிடால், சைக்ளிசின் என்று வழிக்கேற்ப மாற்ற வேண்டும். டெக்ஸாமெத்தசோனும் ஸ்கோபோலமைன் பட்டையும் திரும்பத் தரப்படுவதில்லை. புரோமெத்தசின், சைக்ளிசின் போன்றவை தூக்கத்தைக் கூட்டுபவை என்பதால் ஓபியாய்டுடன் சேரும்போது மூச்சைக் கவனிக்க ஆள் வேண்டும். மெட்டோக்ளோபிரமைடு வீட்டுக்குத் தந்தால் 10 மி.கி. நாளுக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம், ஐந்து நாளைத் தாண்டவும் வேண்டாம். கழுத்தோ கண்ணோ ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். குடல் அடைப்புச் சந்தேகம் இருந்தால் இந்த மருந்தே கூடாது.

மருந்து வரும்வரை செய்யக்கூடியவை இரண்டு. ஊசிக்கு முன் தோலைத் துடைக்கும் ஆல்கஹால் துண்டை மூக்குக்குக் கீழே ஓரிரு செ.மீ. தள்ளிப் பிடித்து, மூக்கால் மெதுவாக ஆழ்ந்து இழுத்து வாயால் விடுங்கள். மூன்று நான்கு மூச்சு போதும். குமட்டலைத் தணிக்கவும், அடுத்த வாந்தி மருந்தின் தேவையைக் குறைக்கவும் இது உதவுகிறது. மற்றது மணிக்கட்டு அழுத்தப் புள்ளி. உள்ளங்கையை மேலே வைத்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து உங்களுடைய மூன்று விரல் அகலம் முழங்கைப் பக்கம் தள்ளினால், நடுவில் இரண்டு தசைநார்கள் தெரியும். அவற்றுக்கு இடைப்பட்ட குழியைக் கட்டைவிரலால் சில நிமிடம் அழுத்துங்கள், அல்லது அதற்கென விற்கும் குமிழ் வைத்த பட்டியைக் கட்டுங்கள். தீங்கில்லாத முறை, ஆய்வுகளிலும் பலன் தெரிந்திருக்கிறது. கையில் சிரை ஊசி இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம்.

வாந்தி எடுத்தபின் அரை மணி நேரம் எதுவும் வேண்டாம். பிறகு ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி. மட்டும். தாகத்தில் ஒரு குவளையை ஒரேயடியாகக் குடித்தால் அப்படியே திரும்பி வரும். மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி வந்தாலும் நீங்களாக இன்னொன்று போடாதீர்கள். எவ்வளவு உள்ளே சேர்ந்தது என்று தெரியாது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டு மூன்று வேளைக்கும் மாறவில்லையென்றால் ஓபியாய்டையே மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஒருவருக்கு மார்ஃபின் ஒத்துக்கொள்ளாமல் ஆக்சிகோடோன் ஒத்துக்கொள்ளும், இன்னொருவருக்கு நேர்மாறாக இருக்கும். டபென்டடால் வயிற்றுத் தொல்லை குறைவாகத் தரும் வகை. கோடீனும் டிரமடாலும் கல்லீரலில் மாறிய பிறகே முழுவதும் வேலை செய்பவை. பிறவியிலேயே அந்த மாற்றம் மிக வேகமாக நடப்பவர்களுக்குச் சாதாரண அளவே அதிகமாகிவிடும், மெதுவாக நடப்பவர்களுக்கு வலியே குறையாது. 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இவ்விரண்டும் கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். டிரமடாலுடன் ஒண்டான்செட்ரான் சேரும்போது வலி அடங்குவது குறையலாம், மனச்சோர்வு மாத்திரை சேர்ந்தால் செரட்டோனின் மிகையாகிக் காய்ச்சல், நடுக்கம், பதற்றம் வரலாம்.

படி 7: மலச்சிக்கலை முதல் நாளே தடுங்கள்

சில நாட்களில் ஓபியாய்டின் குமட்டலுக்கு உடல் பழகிக்கொள்ளும். மலச்சிக்கலுக்குப் பழகாது. மூன்றாம் நான்காம் நாளில் புதிதாகத் தொடங்கும் குமட்டலுக்கு அதுவே காரணமாக இருப்பது மிக அதிகம். முதல் ஓபியாய்டு மாத்திரை போடும் அன்றே இரவில் மலமிளக்கியான சென்னா மாத்திரை, தேவையானால் மேக்ரோகால் தூள் 17 கிராமை ஒரு குவளை தண்ணீரில் கரைத்து. நார்ச்சத்துத் தூள் இங்கே உதவாது, குடல் நகராத நேரத்தில் அது உள்ளேயே கட்டிக்கொள்ளும். குடலில் ஆபரேஷன் நடந்திருந்தால் மலமிளக்கி எதையும் அறுவை மருத்துவர் சொன்ன பிறகே தொடுங்கள்.

உடனே மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

வாந்தியைவிட முதலில் கவனிக்க வேண்டியது தூக்கம். கூப்பிட்டால் எழுவது கடினமாகி, மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்குக் கீழே இறங்கி, விட்டுவிட்டுக் குறட்டை வந்தால் அது ஓபியாய்டு மிகை. ஆம்புலன்ஸை அழையுங்கள், ஓபியாய்டை முறிக்கும் நாலாக்சோன் இருந்தால் கொடுங்கள், பக்கவாட்டில் படுக்க வையுங்கள்; அரைத் தூக்கத்தில் மல்லாந்து வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். ஓபியாய்டு போடும் நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.

வயிறு கல்போல் உப்பி வாயு பிரியாமல் இருப்பது, பச்சை நிறத்திலோ காப்பித் தூள் போலவோ இரத்தமாகவோ வரும் வாந்தி, 12 மணி நேரமாகத் தண்ணீர்கூட நிற்காதது, 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, காய்ச்சல், நெஞ்சு வலியோடு வரும் குமட்டல், முதுகு ஊசிக்குப் பின் எழுந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும் வாந்தி மாத்திரை போட்டுக் காத்திருக்க வேண்டாம். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தால் வெட்டும் கருவி தலைமாட்டிலேயே இருக்கட்டும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் அருகில் இருக்கட்டும்.

அடுத்த ஆபரேஷனுக்காக எழுதி வைக்க வேண்டியது

எந்த ஓபியாய்டு, எவ்வளவு, எந்த வழியில், எப்போது குமட்டியது, எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை. இவை எல்லாவற்றையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு சேர்த்து வையுங்கள். கோப்பில் "மார்ஃபின் ஒவ்வாமை" என்று எழுதப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடிப்பு, முகவீக்கம், மூச்சிழைப்பு இல்லாமல் குமட்டல் மட்டும் வந்தால் அது பக்க விளைவுதான், ஒவ்வாமை இல்லை. தவறாக எழுதிவிட்டால் பெரிய விபத்திலோ அவசர ஆபரேஷனிலோ தேவையான வலி மருந்து உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். "மார்ஃபின் 5 மி.கி. ஊசிக்குக் கடும் வாந்தி, புரோக்ளோர்பெரசினுக்கு நின்றது" என்பதுபோல் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.